மேஜை மேல் ஓடும் புல்டோசர்!

மலையைப் பெயர்க்கும் எந்திரங்களைப் பொம்மைச் செங்கலால் செய்கிறார்கள்! பல்சக்கரமும் மோட்டாரும் செய்யும் வேலை!

மேஜை மேல் மஞ்சள் நிறப் புல்டோசர் ஒன்று நிற்கிறது. அதன் எதிரே உலர்ந்த பட்டாணி குவிந்து கிடக்கிறது.

ஒரு சிறுவன் கையில் சின்னப் பெட்டி ஒன்றை வைத்திருக்கிறான். பெட்டியில் உள்ள பிடியைத் தள்ளுகிறான். "உர்ர்ர்" என்று சத்தம் கேட்கிறது. புல்டோசரின் சங்கிலிப் பட்டை உருளுகிறது. முன்னால் உள்ள தகடு கீழே இறங்குகிறது. பட்டாணியைத் தள்ளிக்கொண்டே புல்டோசர் முன்னே போகிறது!

"இதில் என்ன அதிசயம்? சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை அந்தக் காலத்திலேயே உண்டே!" என்று நினைக்கலாம்.

அதிசயம் இருக்கிறது. இந்தப் புல்டோசரில் ஓர் ஆணி கிடையாது. ஒரு திருகு கிடையாது. ஒரு சொட்டுப் பசை கிடையாது. மொத்தம் 1,384 துண்டுகள். அத்தனையும் கையால் ஒன்றோடு ஒன்று பொருத்தியவை. இன்று புல்டோசர். நாளைக்குப் பிரித்துவிட்டு அதே துண்டுகளால் கிரேன் செய்யலாம்!

டென்மார்க் நாட்டின் லெகோ கம்பெனி இந்தப் புல்டோசரை 2007-ம் ஆண்டில் வெளியிட்டது. இதற்குள் 4 மோட்டார்கள் இருக்கின்றன. வலப்பக்கச் சங்கிலிக்கு ஒன்று. இடப்பக்கச் சங்கிலிக்கு ஒன்று. முன்னால் உள்ள தகட்டைத் தூக்க ஒன்று. பின்னால் மண்ணைக் கீறும் கொக்கிக்கு ஒன்று.

சின்னப் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடும் செங்கல், புல்டோசராக வளர்ந்தது எப்படி? அது ஒரு தச்சரின் கதை. மூன்று தீ விபத்துகளைத் தாண்டி வந்த கதை.

மூன்று தீ!

டென்மார்க்கில் பில்லுண்ட் என்று ஒரு சிறிய ஊர். 1916-ல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் அந்த ஊரில் ஒரு பட்டறையை விலைக்கு வாங்கினார். கதவு, ஜன்னல், மேஜை, நாற்காலி எல்லாம் செய்தார். வீடும் கட்டிக்கொடுத்தார்.

1924-ல் முதல் தீ. அவருடைய சின்னப் பிள்ளைகள் பட்டறையில் பசை காய்ச்சும் அடுப்பைப் பற்றவைத்தார்கள். நெருப்பு மரச்சீவலில் பிடித்துக்கொண்டது. பட்டறை எரிந்தது. வீடும் எரிந்தது.

தச்சர் மனம் தளரவில்லை. திரும்பவும் கட்டினார். ஆனால் 1929-க்குப் பிறகு உலகம் எங்கும் பணமுடை ஏற்பட்டது. விவசாயிகள் கையில் காசு இல்லை. வீடு கட்ட யாரும் வரவில்லை. 1932-ல் அவருடைய மனைவியும் இறந்துபோனார். தாயில்லாத நான்கு பையன்கள். வேலை இல்லாத பட்டறை!

அந்த நேரத்தில்தான் அவர் மர விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கினார். பெரிய சாமான் வாங்கப் பணம் இல்லாதவர்களும் பிள்ளைக்கு ஒரு சின்ன பொம்மை வாங்குவார்கள் அல்லவா?

ஒரு சமயம் கயிற்றில் ஏறி இறங்கும் "யோ-யோ" பொம்மைக்கு ஏகக் கிராக்கி வந்தது. ஏராளமாகச் செய்து குவித்தார். திடீரென்று அந்த மோகம் அடங்கியது. பொம்மைகள் தேங்கிவிட்டன. அவர் என்ன செய்தார் தெரியுமா? யோ-யோவை இரண்டாகப் பிளந்தார். பாதி யோ-யோ ஒரு சக்கரம் ஆயிற்று! அந்தச் சக்கரங்களை மாட்டி மர லாரிகள் செய்து விற்றார். ஒன்றுக்காகச் செய்த துண்டு இன்னொன்றுக்குப் பயன்படும் என்பதை அவர் அன்றே காட்டிவிட்டார்.

தமது கம்பெனிக்கு "லெகோ" என்று பெயர் வைத்தார். "நன்றாக விளையாடு" என்று பொருள் தரும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கிச் செய்த பெயர் அது.

1942-ல் இரண்டாவது தீ. தொழிற்சாலை சாம்பல் ஆனது. மறுபடியும் கட்டினார். 1960-ல் மூன்றாவது தீ. மரப்பொம்மைக் கிடங்கு எரிந்தது. அப்போது தச்சர் உயிரோடு இல்லை. 1958-லேயே காலமாகிவிட்டார். பொறுப்பில் இருந்தவர் அவர் மகன் காட்பிரெட். "இனி மரப்பொம்மை வேண்டாம். பிளாஸ்டிக் செங்கல் மட்டும் போதும்" என்று முடிவு செய்தார்கள்.

வாத்து சொன்ன பாடம்

காட்பிரெட் சிறுவயதில் பட்டறையில் வேலை பார்த்தபோது நடந்த சம்பவம் ஒன்று உண்டு.

மர வாத்துகளுக்கு மூன்று முறை வார்னிஷ் பூசுவது தச்சரின் வழக்கம். ஒரு நாள் மகன் இரண்டு முறை மட்டும் பூசினார். பெட்டியில் கட்டி ரெயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். "அப்பா, கம்பெனிக்குப் பணம் மிச்சம் பிடித்தேன்" என்று பெருமையாகச் சொன்னார்.

தந்தை பாராட்டவில்லை! உடனே ரெயில் நிலையத்துக்குப் போய்ப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். விடாமல் உட்கார்ந்து அத்தனை வாத்துக்கும் மூன்றாவது முறை வார்னிஷ் பூசச் செய்தார்.

"மிகச் சிறந்ததுதான் போதுமானது" என்பது தச்சரின் கொள்கை. காட்பிரெட் அந்த வாசகத்தை மரத்தில் செதுக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டினார்.

குழாய் செய்த மாயம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு கம்பெனி பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரம் ஒன்றை வாங்கியது. 1949-ல் பிளாஸ்டிக் செங்கல் விற்பனைக்கு வந்தது.

இந்த யோசனை முழுக்க அவர்களுடையது அல்ல. இங்கிலாந்தில் ஹிலாரி பேஜ் என்பவர் "கிட்டிகிராப்ட்" என்ற பெயரில் அதற்கு முன்பே இத்தகைய செங்கற்களைச் செய்திருந்தார். அதைப் பார்த்துத்தான் டென்மார்க்கில் தொடங்கினார்கள்.

அந்தச் செங்கலில் ஒரு பெரிய குறை. மேலே குமிழ்கள் இருந்தன. கீழே வெறும் பள்ளம். அடுக்கினால் நிற்கும், தூக்கினால் விழும்! பிடிப்பே இல்லை.

காட்பிரெட் இதற்கு வழி தேடினார். செங்கலின் அடியில், பள்ளத்துக்குள், சிறு குழாய்களை வைத்துப் பார்த்தார். கீழ்ச் செங்கலின் குமிழ் மேல்செங்கலின் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து இறுகியது. "டக்" என்று பிடித்துக்கொண்டது. இழுத்தால்தான் வரும்!

1958 ஜனவரி 28-ந் தேதி கோபன்ஹேகனில் இதற்குக் காப்புரிமை கேட்டு மனுப்போட்டார்கள். அன்று பிறந்த அளவு இன்றும் மாறவில்லை. குமிழுக்குக் குமிழ் 8 மில்லி மீட்டர். செங்கலின் உயரம் 9.6 மில்லி மீட்டர். தாத்தா வைத்திருந்த 1958-ம் வருடத்துச் செங்கலும், பேரன் இன்று வாங்கும் செங்கலும் ஒன்றோடு ஒன்று பொருந்தும்!

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறச் செங்கல் ஆறு இருந்தால், அவற்றை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? 10? 100? இல்லை! 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம்! கணித அறிஞர்கள் கம்ப்யூட்டர் வைத்து எண்ணிச் சொன்ன கணக்கு இது.

எந்திரத்தின் வருகை

1966-ல் பேட்டரி மோட்டாரில் ஓடும் செங்கல் ரெயில் வந்தது. சக்கரம் சுழன்றது, அவ்வளவுதான். எந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை அது காட்டவில்லை.

1977-ல் அந்தக் கதவு திறந்தது. "டெக்னிக்" என்று பின்னால் புகழ்பெற்ற வரிசை அந்த ஆண்டில் வெளியாயிற்று. செங்கலின் பக்கவாட்டில் துளைகள் வந்தன. துளைக்குள் நுழையும் அச்சுகள் வந்தன. அச்சில் மாட்டும் பல்சக்கரங்கள் வந்தன. கார், டிராக்டர், ஹெலிகாப்டர், சுமை தூக்கும் வண்டி ஆகியவை முதல் மாடல்கள்.

1984-ல் காற்றைப் பம்ப் செய்து கையைத் தூக்கும் மாடல்கள் வந்தன. பிற்காலத்தில் குமிழ் இல்லாத துளைச் சட்டங்கள் பெருகின. "செங்கல்" என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

நடுவில் கம்பெனிக்கே ஆபத்து வந்தது. 2003-ல் பெரும் நஷ்டம். மூழ்கிவிடும் என்று பலர் நினைத்தார்கள். ஆயிரக்கணக்கான துண்டு வகைகளை நிறுத்தினார்கள். 2005-ல் தங்கள் பொழுதுபோக்குப் பூங்காக்களின் பெரும் பங்கை விற்றார்கள். பழைய செங்கல் தொழிலிலேயே கருத்தைச் செலுத்தினார்கள். கப்பல் மிதந்தது. அதற்குப் பின்தான் 2007-ல் புல்டோசர் வந்தது.

வேகத்தைக் கொடுத்துப் பலம் வாங்கு!

இப்போது புல்டோசரின் வயிற்றைத் திறந்து பார்ப்போம்.

தகட்டைத் தூக்கும் மோட்டார் மிகச் சிறியது. சுமை இல்லாதபோது நிமிஷத்துக்குச் சுமார் 400 சுற்று சுற்றும். ஆனால் பலம் இல்லை. அதன் அச்சை இரண்டு விரலால் பிடித்தே நிறுத்திவிடலாம். இதை நேரே தகட்டில் மாட்டினால் தகடு அசையாது.

அதனால் பல்சக்கரத்தை நடுவில் வைக்கிறார்கள்.

8 பல் உள்ள சின்னச் சக்கரம் ஒன்று. 24 பல் உள்ள பெரிய சக்கரம் ஒன்று. சின்னது மூன்று முறை சுற்றினால்தான் பெரியது ஒரு முறை சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. பலம் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது.

அதே அச்சில் இன்னொரு 8 பல் சக்கரம். அது 40 பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. இங்கே ஐந்து மடங்கு. மூன்றை ஐந்தால் பெருக்கினால் 15! நிமிஷத்துக்கு 400 சுற்று இருந்தது 27 சுற்றாகக் குறைகிறது. ஆனால் பலம்? உராய்வில் போனது போக, பல மடங்கு கூடுகிறது.

வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்கும் வியாபாரம் இது. சைக்கிளில் மேட்டில் ஏறும்போது கியரை மாற்றுவதும் இதே வியாபாரம்தான்.

இன்னொரு வகைச் சக்கரம் உண்டு. பார்ப்பதற்குத் திருகாணி மாதிரி இருக்கும். அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் எதிரே உள்ள சக்கரம் ஒரே ஒரு பல் மட்டும் நகரும். 24 பல் சக்கரம் என்றால் 24 சுற்றுக்கு ஒரு சுற்று!

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. திருகு சக்கரத்தைச் சுற்றும். ஆனால் சக்கரத்தால் திருகைத் திருப்பிச் சுற்ற முடியாது. அதனால் மோட்டாரை நிறுத்தினாலும் தூக்கிய கை கீழே விழாது. அந்தரத்தில் அப்படியே நிற்கும்.

பஞ்சரான லாரியைத் தூக்கும் ஜாக்கியைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் கம்பியைச் சுற்றச் சுற்ற லாரி மெல்ல மெல்ல மேலே வரும். கையை எடுத்தாலும் இறங்காது. 2008-ல் இதேபோன்ற குட்டி ஜாக்கி ஒன்று டெக்னிக் மாடல்களில் வந்தது. உள்ளே நீண்ட திருகு இருக்கிறது. மோட்டார் சுற்றினால் அதன் தண்டு நீளும்; எதிர்ப்பக்கம் சுற்றினால் சுருங்கும். மண் வெட்டும் எந்திரத்தின் எண்ணெய்க் குழாய்த் தண்டு செய்யும் வேலையை இது செய்கிறது.

செய்வது பாதி, சீர் செய்வது மீதி

புத்தகத்தைப் பார்த்துப் பொருத்தினால் மாடல் வந்துவிடும். சொந்தமாக ஒன்று செய்யும்போதுதான் தொல்லை ஆரம்பம்.

முதல் முறை மோட்டாரைப் போட்டதும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: "கட கட கட" என்று சத்தம். சக்கரம் சுற்றுகிறது, கை எழவில்லை. பற்கள் ஒன்றை ஒன்று தாண்டிக் குதிக்கின்றன.

காரணம் என்ன? பலம் கூடக்கூட, பல்சக்கரங்கள் ஒன்றை ஒன்று தள்ளி விலகப் பார்க்கின்றன. மயிரிழை விலகினாலும் பல் தாண்டிவிடும். மோட்டாரின் எதிரி வெளியே இல்லை. தன்னைத் தாங்கும் செங்கலையே அது பிய்க்கிறது!

இதற்கு முதல் மருந்து, இரண்டு அச்சுகளையும் ஒரே துளைச் சட்டத்தில் கோப்பது. 8 பல் சக்கரமும் 24 பல் சக்கரமும் சரியாகச் சேர, அச்சுகளுக்கு நடுவே 16 மில்லி மீட்டர் வேண்டும். அதாவது இரண்டு துளைத் தூரம். 8-ம் 40-ம் சேர மூன்று துளைத் தூரம். ஒரே சட்டத்தில் கோத்தால் இந்தத் தூரம் மாறாது. சட்டத்தை இரண்டு பக்கமும் வைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது மருந்து, குறுக்குக் கட்டு. செங்கலை மேலே மேலே அடுக்கினால் மட்டும் போதாது. பக்கவாட்டில் ஒரு சட்டத்தை நிறுத்தி, மேல் துளையையும் கீழ்த் துளையையும் முளையடித்துப் பூட்ட வேண்டும். ஆனால் செங்கலின் உயரம் 9.6, துளைத் தூரம் 8. துளை பொருந்தாதே! இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு துளைச் செங்கல்களுக்கு நடுவே இரண்டு மெல்லிய தட்டுகளை வையுங்கள். ஒரு தட்டு 3.2 மில்லி மீட்டர், இரண்டு 6.4. செங்கலின் 9.6 சேர்ந்தால் சரியாக 16! இரண்டு துளைத் தூரம் வந்துவிட்டது. சட்டம் பூட்டிக்கொள்ளும்.

மூன்றாவது மருந்து, முக்கோணம். நான்கு சட்டங்களை நான்கு முளையால் இணைத்தால் சதுரம் வரும். தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று சட்டங்களை இணைத்தால் சாயாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் 3, 4, 5 முக்கோணம் இங்கே அப்படியே உதவுகிறது. அதில் மூலை நேர்கோணமாக நிற்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். எண்ண வேண்டியது துளைகளை அல்ல, துளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை! ஆகவே 4, 5, 6 துளைச் சட்டங்கள் தேவை.

முறுக்கும் அச்சு

இன்னொரு வியாதி உண்டு. மோட்டார் பின்னால் இருக்கிறது. வேலை முன்னால் நடக்கிறது. நடுவில் நீண்ட பிளாஸ்டிக் அச்சு. மோட்டாருக்குப் பக்கத்திலேயே வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டினால், அந்தப் பலம் முழுவதும் நீண்ட அச்சின் வழியே போக வேண்டும். துணி பிழிவது போல அச்சு முறுக்கிக்கொள்கிறது! கை உடனே எழாது. சற்றுப் பொறுத்துத் திடீரென்று துள்ளும்.

கைதேர்ந்தவர்கள் இதை மாற்றிச் செய்கிறார்கள். நீண்ட அச்சை வேகமாகச் சுற்ற விடுகிறார்கள். அதில் பலம் குறைவு, முறுக்கும் குறைவு. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய், கடைசியில் வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டுகிறார்கள். துண்டுகள் அவையேதான். வைத்த இடம்தான் வேறு. நொண்டிய எந்திரம் நிமிர்ந்து நடக்கிறது!

எடையையும் பார்க்க வேண்டும். மண் வெட்டும் எந்திரத்தின் கை முன்னால் நீண்டிருக்கிறது. பக்கெட்டில் சுமை ஏறினால் மூக்கைத் தரையில் குத்தி விழும். மாடலில் மிகக் கனமான சாமான் பேட்டரிப் பெட்டி. 2007-ல் வந்த பெட்டிக்கு 6 பென்சில் பேட்டரிகள் வேண்டும். அதைக் கொண்டுபோய்ப் பின்புறத்தில் வைத்தால் எதிர்ப்பாரம் ஆகிவிடும். பெரிய எந்திரங்களிலும் பின்னால் இரும்புப் பாளம் தொங்குவது இதற்காகத்தான்.

சோதிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் 50 கிராம் படிக்கல். எழுந்தால் 100 கிராம். எங்கே திணறுகிறதோ அங்கே நிறுத்திக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். எந்தச் சட்டம் வளைகிறது? எந்த அச்சு நழுவுகிறது? ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணம் தந்தது என்று தெரியாது.

மோட்டார் திணறி நின்றுவிட்டால் பிடியை உடனே விட்டுவிட வேண்டும். அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகும், பேட்டரி வீணாகும். இதற்காகவே நழுவும் பல்சக்கரம் ஒன்றும் இருக்கிறது. அளவுக்கு மேல் சுமை வந்தால் அதன் உட்புறம் மட்டும் வழுக்கிச் சுற்றும். மற்றச் சக்கரங்களின் பல் தப்பும்.

ஒரே இடத்தில் திரும்பும் வண்டி

புல்டோசருக்கு ஸ்டீயரிங் கிடையாது. பிறகு எப்படித் திரும்புகிறது?

வலச் சங்கிலி முன்னால் போக, இடச் சங்கிலி பின்னால் போனால் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால்தான் மாடலிலும் ஒவ்வொரு சங்கிலிக்கும் தனி மோட்டார். இந்த இரண்டும் பெரிய மோட்டார்கள். வேகம் குறைவு, இழுவை அதிகம்.

வழவழப்பான மேஜையில் பிளாஸ்டிக் சங்கிலி வழுக்கும். சங்கிலிக் கண்ணிகளில் சிறு ரப்பர் துண்டுகளைச் செருகினால் பிடித்துக்கொள்ளும்.

கையில் உள்ள பெட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி புறப்பட்டு மாடலுக்குக் கட்டளை கொண்டுபோகிறது. வீட்டுக்குள் ஒழுங்காக வேலை செய்யும். வெயிலில் கொண்டுபோனால் தடுமாறும். சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் இருப்பதுதான் காரணம்.

அசல் எந்திரங்களின் கதை

பொம்மைக்கு முன்னோடி அசல். அசல் எந்திரங்களும் இப்படித்தான் படிப்படியாகச் சீர்ப்பட்டன.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ஸ்டாக்டன் நகரம். அதன் சுற்றுப்புறத்தில் மண் மிக மிருது. கனமான நீராவி டிராக்டர்கள் சேற்றில் புதைந்தன. சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார்கள், போதவில்லை. பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் பின்சக்கரங்களையே கழற்றிவிட்டுச் சங்கிலிப் பட்டையை மாட்டினார். 1904 நவம்பர் 24-ந் தேதி சோதித்தார். எடை பரந்து இறங்கியது. டிராக்டர் புதையவில்லை! கம்பளிப்பூச்சி என்று பொருள்படும் "கேட்டர்பில்லர்" என்ற பெயர் பிறந்தது அப்படித்தான்.

போரில் இடிந்த ஜெர்மனியில் வீடு கட்ட வேண்டியிருந்தது. ஹான்ஸ் லீபர் என்ற கட்டிடக்காரர், எளிதில் கழற்றிக் கொண்டுபோய் வேறு இடத்தில் நிறுத்தக்கூடிய கோபுரக் கிரேனை 1949-ல் உருவாக்கினார். கழற்றிப் பூட்டும் கிரேன்! செங்கல் பொம்மைக்கு அண்ணன் என்றே சொல்லலாம்.

நம் ஊரில் மண் அள்ளும் எந்திரத்தை "ஜே.சி.பி." என்கிறோம். அது ஓர் ஆளின் பெயர். ஜோசப் சிரில் பாம்போர்டு என்ற ஆங்கிலேயரின் முதல் எழுத்துகள். 1945-ல் ஒரு வாடகை ஷெட்டில் தொழிலைத் தொடங்கியவர் அவர். சங்கிலியில் ஓடும் பெரிய எந்திரத்தைப் "பொக்லைன்" என்கிறோம். அதுவும் பிரான்சு நாட்டுக் கம்பெனியின் பெயர்தான்.

800 டன் எந்திரம் மேஜைக்கு வந்தது!

2019-ல் ஹான்ஸ் லீபரின் பெயர் தாங்கிய கம்பெனியும் லெகோவும் சேர்ந்து ஒரு மாடலை வெளியிட்டன. சுரங்கத்தில் பாறை அள்ளும் எந்திரத்தின் மாதிரி அது. அசல் எந்திரத்தின் எடை சுமார் 800 டன்.

மாடலில் 4,108 துண்டுகள், 7 மோட்டார்கள்! கைப்பெட்டிக்குப் பதில் செல்போனால் அதை இயக்கினார்கள். கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை மோட்டாரே அறிந்து சொன்னது. 2021-ல் கேட்டர்பில்லரின் 100 டன்னுக்கு மேல் எடையுள்ள புல்டோசரும் 3,854 துண்டுகளில் வந்தது.

இவற்றைச் செய்பவர்கள் சிறுவர்கள் மட்டும் அல்ல. பெரியவர்களும், என்ஜினீயர்களும் இரவு பகலாக உட்காருகிறார்கள். வாங்கிய மாடலை அப்படியே வைத்துக்கொள்ளாமல் பிரித்து, கையை நீட்டி, சக்கரத்தை மாற்றி, பலத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள்.

பெற்றோர் கவனிக்க!

பெரிய மாடல்களின் விலை அதிகம். முதலிலேயே அதை வாங்க வேண்டியது இல்லை. ஒரு மோட்டார், நாலைந்து பல்சக்கரம், கொஞ்சம் துளைச் சட்டம் இருந்தால் போதும். ஒரு சிறிய கிரேன் செய்து, நூலைச் சுற்றி, ஒரு சாவிக்கொத்தைத் தூக்கச் சொல்லுங்கள். பல்சக்கரத்தின் ரகசியம் முழுவதும் அதிலேயே இருக்கிறது.

சின்னத் துண்டுகளைக் கைக்குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் அடைக்கும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் துண்டுகளை எண்ணிப் பெட்டியில் பூட்டி வையுங்கள். பழைய பேட்டரியையும் புதிய பேட்டரியையும் கலந்து போடக்கூடாது. விளையாடாத நாட்களில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரசாயனம் கசிந்து பெட்டி பாழாகும்.

இன்னொன்று. பையன் செய்த கிரேன் முறிந்து விழுந்தால், "காசைக் கரியாக்கினாயே!" என்று கோபிக்காதீர்கள். பெண் குழந்தை பல்சக்கரத்தைக் கையில் எடுத்தால், "உனக்கு எதற்கு இது?" என்று பிடுங்காதீர்கள். ஏன் விழுந்தது என்று கூட உட்கார்ந்து பாருங்கள்.

அசல் கிரேன் முறிந்தால் உயிர்ச்சேதம். பாலம் வளைந்தால் பெரும் நஷ்டம். மேஜை மேல் முறிந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. துண்டுகளைப் பொறுக்கி மறுபடி பூட்டலாம். தவறிக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான இடம் ஏது?

மூன்றாவது முறை வார்னிஷ் பூசாமல் விட்ட பையன்தான், பிற்காலத்தில் செங்கலுக்குள் குழாய் வைத்து உலகத்துக்குக் கொடுத்தார்!